அநித்தியமும் சிரத்தையும்

ஜப்பான் தேசத்தில் ஆண்டின் கடைசி இரவன்று பௌத்த ஆலயங்கள்தோறும் பெருமணியை 108 முறை அடிப்பது நெடுநாளைய சம்பிரதாயம். அந்த மணிக்கு நம் கோயில் மணிகளைப் போல உள்ளே நாக்குக் கிடையாது. பக்கத்தில் கயிற்றில் தொங்கும் மரக்கட்டையைப் பின்னுக்கு இழுத்து, வெளிப்புறத்தில் மோதும்படி விடவேண்டும். மோதிய கட்டை விலகிப்போன பிறகும் ஓசை காற்றிலே நெடுநேரம் நின்று, எந்தக் கணத்தில் ஓய்ந்தது என்று காதுக்குப் பிடிபடாத விதமாக ஓய்கிறது. மனிதனைப் பிணித்திருக்கும் கிலேசங்கள் நூற்றெட்டு என்பது அவர்களுடைய கணக்கு. அவற்றை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டுப் புதிய ஆண்டில் கால் வைக்கவேண்டும் என்பது அந்தச் சடங்கின் தாத்பரியம்.

மணி ஓய்ந்த மறுநாள், ஜனவரி முதல் தேதி பிற்பகலில், டோக்கியோ தேசிய மைதானத்தில் சக்கரவர்த்திக் கிண்ணக் கால்பந்தின் இறுதியாட்டம் நடைபெறுவதும் அந்நாட்டில் வெகுகாலம் வழக்கமாக இருந்துவந்தது. 1921-ம் ஆண்டு தொடங்கிய பழம்பெரும் போட்டி அது. 1999-ம் ஆண்டின் முதல் நாளில் அந்த இறுதியாட்டத்திற்கு வந்து நின்ற இரண்டு அணிகளில் ஒன்று யோகோஹாமா ஃப்ளூகல்ஸ். ஜெர்மானிய மொழியில் அந்தச் சொல்லுக்குச் சிறகு என்று பொருள். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, அந்த ஆட்டம் முடிந்ததோடு அந்த அணி இல்லாமற் போய்விடும் என்பது களத்தில் நின்ற பதினொருவருக்கும், மேலே அமர்ந்திருந்த பல்லாயிரம் ஜனங்களுக்கும், எதிரணிக்கும் ஐயமறத் தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்துகொண்டே அவர்கள் ஆடினார்கள். ஆடியதோடு நில்லாமல் வெற்றியும் பெற்றார்கள்.

நாளைக்கு இல்லாமற் போகப்போவது நிச்சயம் என்று தெரிந்த ஒன்றின் பொருட்டு, இன்றைக்கு ஒருவன் தன் முழு சக்தியையும் செலவிடுவதில் அர்த்தம் உண்டா? சமய நூல்களும் தத்துவ நூல்களும் பல தேசங்களில், பல பாஷைகளில், பல காலமாக விசாரித்துவரும் வினா இது. மரணம் நிச்சயமாயிருக்க வாழ்வது எதற்கு என்று இதையே பெரிதாகக் கேட்கிறோம். பெரிதாகக் கேட்கும்போது வினா மேகம்போலக் கலைந்து கைக்கு அகப்படாமற் போகிறது. ஆகவே அதைச் சிறிதாக, தொண்ணூறு நிமிஷத்துக்குள் அடங்கிய ஒரு நிகழ்ச்சியின் மூலம் கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றிற்று.

முதலில் அந்தக் கழகத்தின் கதையைச் சொல்லவேண்டும். யோகோஹாமா துறைமுக நகரத்தின் ஒரு வட்டாரத்திலே, சிறுவர்கள் ஆடுவதற்கென்று 1964-ல் தொடங்கிய ஒரு சின்ன அமைப்பே அதன் வேர். பிறகு அதைப் போஷிக்க ஆல் நிப்பான் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனி முன்வந்தது. 1980-களில் அணியின் பெயரும் கம்பெனியின் பெயராகவே மாறிற்று. வட்டாரத்துப் பிள்ளைகளின் அணியாக இருந்தது ஒரு பெரிய ஸ்தாபனத்தின் அங்கமாகிப்போனதில் பழைய ஆட்டக்காரர்கள் சிலருக்கு உண்டான மனப்புண் மிகவும் ஆழமானது; 1986-ல் பருவத்தின் கடைசி ஆட்டத்தன்று அவர்கள் களமிறங்க மறுத்து, அதற்காகத் தடைக்கும் உள்ளானார்கள். வினையின் விதை எங்கே ஊன்றப்பட்டது என்று தேடுகிறவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். அன்பினால் கூடிய ஒன்று வேறொருவருடைய உடைமையாக மாறிய தருணம் அது.

1993-ம் ஆண்டு மே மாதம் ஜப்பானில் ஜே லீக் என்னும் தொழில்முறைக் கால்பந்து பத்துக் கழகங்களோடு உதயமாயிற்று. அந்தப் பத்தில் இரண்டு யோகோஹாமாவைச் சேர்ந்தவை: ஒன்று, நிஸ்ஸான் கம்பெனியின் ஆதரவில் வளர்ந்த மரினோஸ், மற்றொன்று, விமானக் கம்பெனியோடு சாட்டோ கோக்யோ என்ற கட்டட நிர்மாணக் கம்பெனியும் சேர்ந்து தாங்கிய ஃப்ளூகல்ஸ். மே மாதம் 16-ம் தேதி, மித்ஸுசாவா என்ற சிறிய மைதானத்தில், ஃப்ளூகல்ஸ் தன் முதல் ஜே லீக் ஆட்டத்தை ஆடி, ஷிமிஸு எஸ்-பல்ஸ் அணியை 3-2 என்று வென்றது. அந்த எதிரணியின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை முடியும்போது அது திரும்பவும் வரும்.

முதல் பருவத்திலேயே ஃப்ளூகல்ஸ் சக்கரவர்த்திக் கிண்ணத்தை வென்றது. அடுத்தாற்போல் ஆசியக் கிண்ண வெற்றியாளர் கோப்பையும் கிடைத்தது. பிரேசில் தேசத்திலிருந்து ஜீன்ஹோ, எவயர், செசார் சாம்பாயோ ஆகிய மூவர் 1995-ல் வந்து சேர்ந்தனர். 1998-ல் பிரான்சில் நடந்த உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் முதல் கோலைத் தலையால் முட்டிப் போட்ட செசார் சாம்பாயோ, அப்போது ஃப்ளூகல்ஸின் சட்டை போட்டு ஆடுகிறவர்தான். ஜப்பான் முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடியதும் அதே ஆண்டில்தான். அந்த தேசிய அணியின் நடுக்களத்தைத் தாங்கிய யமகுச்சி மொதோஹிரோ ஃப்ளூகல்ஸின் தலைவர். ஆக, வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது செழித்து நிற்கும் விருட்சமாகவே தெரிந்தது.

ஆனால் நீர் வற்றிக்கொண்டிருந்தது வேருக்கு அடியில். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொருளாதாரத்தின் பெருவீக்கம் வெடித்துச் சுருங்கியபோது, நிலத்தையும் கட்டடத்தையும் நம்பியிருந்த கம்பெனிகள் கடனில் மூழ்கின. சாட்டோ கோக்யோ கழகத்தைத் தாங்கும் பொறுப்பிலிருந்து விலக முடிவுசெய்தது. ஒற்றையாகத் தாங்க விமானக் கம்பெனிக்கு மனமோ வலிமையோ இருக்கவில்லை. 1998 அக்டோபர் 29-ம் தேதி, ஃப்ளூகல்ஸை அதே ஊரின் மரினோஸோடு இணைத்துவிடப்போவதாக அறிவிப்பு வெளியாயிற்று. இணைப்பு என்ற சொல் மரியாதைக்காக, நிகழ்ந்தது கரைப்பு. ஆட்டக்காரர்களை யாரும் கலந்துகொள்ளவில்லை. வாரந்தோறும் கேலரியில் நின்று தொண்டை கட்டக் கத்தியவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் தெருவில் நின்று கையெழுத்துச் சேகரித்தார்கள், மன்றாடினார்கள், கம்பெனிகளின் தீர்மானம் அசையவில்லை.

அறிவிப்பு வந்த இரண்டாம் நாள், அக்டோபர் 31-ம் தேதி, லீக் ஆட்டம் ஒன்று அவர்களுக்கு இருந்தது. மரண சாசனத்தைக் கையில் வாங்கியவர்கள் சோர்ந்துபோய்ச் சம்பிரதாயத்துக்கு ஆடிவிட்டுத் திரும்புவார்கள் என்று நினைப்பது இயற்கை. செரெஸோ ஒசாகா அணியை ஃப்ளூகல்ஸ் அன்றைக்கு 7-0 என்று வென்றது. அதற்குப் பிறகு லீக்கில் எஞ்சியிருந்த ஆட்டங்களிலும், அதன்பின் சக்கரவர்த்திக் கிண்ணத்திலும் அது தோற்கவேயில்லை. கிண்ணப் போட்டியோ, தோற்றால் அன்றோடு வெளியேற வேண்டிய போட்டி. ஆகவே ஒவ்வொரு வெற்றியும் அந்தக் கழகத்தின் ஆயுளை ஒரு வாரமோ சில நாளோ நீட்டிக் கொடுத்தது. கால் இறுதியில் பலம்பொருந்திய ஜுபிலோ இவாதாவையும், அரை இறுதியில் அவ்வாண்டின் லீக் சாம்பியனான கஷிமா ஆண்ட்லர்ஸையும் வென்று, டிசம்பர் முழுவதையும் கடந்து, நூற்றெட்டு மணியோசையையும் கேட்டுவிட்டு, அவர்கள் இறுதி நாளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஏன் ஆடினார்கள்? எளிதாகக் கிடைக்கும் விடைகள் மூன்று உண்டு. மூன்றையும் நேர்மையாகப் பரிசீலிக்க வேண்டும்.

வெற்றிமேல் வெற்றி குவித்தால் தீர்ப்பு மாறிவிடும் என்ற நம்பிக்கையில் ஆடினார்கள் என்பது ஒன்று. முதல் சில வாரங்களுக்கு இது பொருந்தலாம். ஆனால் டிசம்பரில் இணைப்புக்கான ஒப்பந்தமே கையெழுத்தாகிவிட்டது. அதன் பிறகு நம்புவதற்கு இடமே இல்லை. அந்த நம்பிக்கை அற்றுப்போன பிறகுதான் அவர்களுடைய ஆட்டம் மிகவும் செறிந்தது.

மற்றொரு கழகத்தில் வேலை தேடிக்கொள்ள வேண்டிய நிலையில், தத்தம் திறமையைக் காட்டிக்கொள்ள ஆடினார்கள் என்பது இரண்டாவது. மனித சுபாவம் அறிந்த எவரும் இதை முற்றாக மறுக்கமாட்டார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது, வயிறு இருந்தது. எனினும் கால்பந்தை அறிந்தவர்கள் இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். தன்னை மட்டும் காட்டிக்கொள்ள நினைக்கும் ஒருவன் பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொள்வான்; அப்படிப்பட்ட பதினொரு பேர் சேர்ந்த அணி, நாட்டின் சாம்பியனைத் தோற்கடிக்காது. இன்னும் மூன்று மாதத்தில் எதிரணியில் நின்று தன்னை மறிக்கப்போகிறவன் என்று தெரிந்தும், கோல் போடும் வாய்ப்பைத் தான் எடுத்துக்கொள்ளாமல் அவன் காலுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுப்பதற்குச் சுயநலம் காரணமாக முடியுமா?

பழக்கத்தினால் ஆடினார்கள் என்பது மூன்றாவது. பழக்கம் ஒருவனைக் களத்துக்கு அழைத்து வரலாம். எழுபது நிமிஷத்துக்குப் பிறகு மூச்சு இரைக்கும்போது, இன்னும் ஒரு தடவை ஓடு என்று சொல்வதற்குப் பழக்கத்தைவிட ஆழமான ஒன்று வேண்டும்.

அந்த ஆழமானதற்கு நம் பாஷையில் ஒரு பழைய சொல் இருக்கிறது; அது சிரத்தை. இப்போது அதைக் கவனம் என்ற அளவிலே சுருக்கி வழங்குகிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைச் சிரத்தையாகப் படி என்கிறோம். அதன் மூலப் பொருளில் நம்பிக்கை உண்டு, மரியாதை உண்டு, இதயத்தைக் கொண்டுபோய் ஒன்றில் வைப்பது என்ற கருத்தும் உண்டு. பித்ருக்களுக்குச் செய்யும் கடனுக்கே சிராத்தம் என்று பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். திருப்பி எதுவும் தரமுடியாதவர்களுக்கு, போய்விட்டவர்களுக்கு, இதயத்தை வைத்துச் செய்வது என்பதால் அந்தப் பெயர். போகப்போகிற ஒன்றுக்கு இதயத்தை வைத்துச் செய்ததையும் அந்தச் சொல்லாலேயே அழைப்பதில் பிழையிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இறுதியாட்டத்தின் பதின்மூன்றாவது நிமிஷத்தில், ஆரஞ்சு வண்ணச் சட்டையணிந்த ஷிமிஸு அணி முதல் கோலைப் போட்டது. முதல் லீக் ஆட்டத்தில் எதிரே நின்ற அதே ஷிமிஸுதான். வாழ்வின் வாசலில் எதிர்கொண்டவனே சாவின் வாசலிலும் எதிர்கொண்டான். இடைவேளைக்கு விசில் ஊதுவதற்குச் சற்று முன்னதாக, குபோயாமா என்ற முன்கள வீரர் கோல் போட்டுச் சமன் செய்தார். இரண்டாம் பாதி, குளிர்கால வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது, எழுபத்துமூன்றாவது நிமிஷத்தில் யோஷிதா தகாயுகி என்ற இருபத்தோரு வயது இளைஞர் பந்தை வலைக்குள் அனுப்பினார். 2-1. பயிற்சியாளர் கெர்ட் எங்கெல்ஸ் என்ற ஜெர்மானியர் கோட்டின் ஓரத்தில் நின்றார். தேசிய அணியின் காப்பாளரான நராசாகி செய்கோ தம் வலையைக் காத்து நின்றார். கேலரியில் ரசிகர்கள் நீண்ட துணிப் பதாகை ஒன்றைப் பிடித்திருந்தார்கள். இந்த உணர்வுக்கு முடிவில்லை, முடியவிடுவதில்லை என்று தாங்கள் தீர்மானித்துவிட்டதே அதற்குக் காரணம் என்று அதில் எழுதியிருந்தது. கடைசி விசில் ஊதியபோது, தேசத்தின் மிகப் பழைய கால்பந்துக் கிண்ணத்தை வென்ற அணியாகவும், இனி இல்லாத அணியாகவும், ஒரே கணத்தில் அவர்கள் ஆனார்கள்.

நிஷ்காம கர்மம் என்னும் கீதையின் உபதேசத்தைப் படிக்கிறவர்களுக்கு வழக்கமாக எழும் சந்தேகம் ஒன்று உண்டு. பலனில் பற்று வைக்காமல் கர்மத்தைச் செய் என்றால், ஜெயிக்கவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் யுத்தம் செய்வது எப்படி? குறி வைக்காத வில்லாளியின் அம்பு எங்கே போகும்? நானும் பல ஆண்டுகள் இந்த இடத்தில் தடுக்கி நின்றிருக்கிறேன். இந்த ஆட்டத்தைப் பற்றி அறிந்து, மனத்தில் பலமுறை அதைத் திருப்பிப் பார்த்த பிறகே, குறி வேறு, பலன் வேறு என்பது எனக்குத் தெளிவாயிற்று. பந்தை வலைக்குள் செலுத்துவது குறி. அது செயலின் உள்ளேயே இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் செயலே இல்லை. அந்தக் கோலினால் அடுத்த ஆண்டு கிடைக்கப்போகும் சம்பளம், புகழ், பதவி, நீடிப்பு ஆகியவை பலன். அவை செயலுக்கு வெளியே, காலத்தின் கையில் இருப்பவை. சாதாரண நாட்களில் இவ்விரண்டும் பாலும் நீரும்போலக் கலந்து கிடப்பதால் எது எது என்று நமக்குப் பிரிக்கத் தெரிவதில்லை. அந்த ஜனவரி முதல் தேதியன்று, பலன் என்ற நீர் முழுவதையும் விதி வடித்துவிட்டது; எஞ்சிய குறி மட்டும் தூய்மையாகத் தெரிந்தது. ஜெயிக்கவேண்டும் என்ற அவர்களுடைய ஆசை சிறிதும் குறையவில்லை. ஜெயித்து எதையும் பெறவேண்டியிருக்கவில்லை.

பலன் எங்கே போயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையின் நடுநரம்பு விட்டுப்போகும். சக்கரவர்த்திக் கிண்ணத்தை வென்றவர்களுக்கு அடுத்த பருவத்தில் ஆசியக் கிண்ண வெற்றியாளர் போட்டியில் ஆடும் உரிமை உண்டு. வென்ற அணி இல்லாமற் போனதால் அந்த உரிமை தோற்றவர்களைச் சேர்ந்தது. ஷிமிஸு எஸ்-பல்ஸ் அந்தப் போட்டிக்குச் சென்று, 1999-2000 பருவத்தில் அந்தக் கோப்பையையே வென்று திரும்பிற்று. ஒருவன் நட்ட மரத்தின் கனியை மற்றொருவன் உண்ணுவது உலகத்தில் நாள்தோறும் நடக்கிறது. ஆனால் கனி தனக்கில்லை என்று முன்கூட்டியே அறிந்து, எதிரில் நிற்பவனுக்கே அது போகும் என்ற நிலையிலும், மரத்தை இவ்வளவு சிரத்தையோடு நட்டவர்களைப் பார்ப்பது அபூர்வம்.

இனி அடுத்த வினா. அன்று அழிந்தது எது? மிலிந்தன் என்ற யவன அரசனுக்கும் நாகசேனர் என்ற பிக்ஷுவுக்கும் நடந்ததாகப் பௌத்தர்கள் போற்றும் சம்வாதத்தில், தேர் என்பது எது, அச்சா, சக்கரமா, நுகத்தடியா என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்டு, அவை ஒன்றும் தேர் அல்ல, அவற்றின் சேர்க்கைக்கு வழங்கும் பெயரே தேர் என்று நிறுவுவார். ஒரு கால்பந்துக் கழகத்தைப் பற்றியும் அப்படிக் கேட்கலாம். ஆட்டக்காரர்களா கழகம்? அவர்கள் வருஷந்தோறும் மாறுகிறார்கள். மைதானமா? அது நகராட்சியின் சொத்து. கம்பெனியின் பத்திரமா? அது அலமாரியில் கிடக்கும் காகிதம். பெயரும் கொடியும் வர்ணமுமா? அவற்றை விலைக்கு வாங்கலாம்.

இணைப்புக்குப் பின் மரினோஸ் தன் பெயரில் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டு, யோகோஹாமா எஃப். மரினோஸ் என்று ஆயிற்று. அந்த ‘எஃப்’ ஃப்ளூகல்ஸுக்கு விடப்பட்ட இடம். சட்டப்படி பார்த்தால் வாரிசு அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஃப்ளூகல்ஸை நேசித்தவர்களில் மிகப் பலர் அந்த எழுத்தைத் தங்கள் அணியாக ஏற்கவில்லை. அவர்கள் பணம் திரட்டி, ரசிகர்களே பங்காளிகளாக இருந்து நடத்தும் ஏற்பாட்டோடு, யோகோஹாமா எஃப்.சி. என்ற புதிய கழகத்தை 1999-ல் தொடங்கினார்கள். பழைய பெயர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பழைய கோப்பைகள் அவர்களுடைய கணக்கில் சேரவில்லை. லீக்கின் உச்சிப் படியில் ஆடிய அணியின் ரசிகர்கள் கீழ்ப்படியிலிருந்து மறுபடி ஏறவேண்டியிருந்தது. எழுத்து ஓரிடத்திலும் நினைவு ஓரிடத்திலுமாகப் பிரிந்துவிட்டபோது, உயிர் எங்கே போயிற்று என்று சொல்வது? வள்ளுவர் நிலையாமையைப் பேசும் அதிகாரத்தில், உடம்பை விட்டு உயிர் பிரிவதற்குக் கூட்டை விட்டுப் பறந்துபோகும் பறவையை உவமை சொல்கிறார். சிறகு என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கழகத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமையை நான் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கையையும் எழுதவேண்டியிருக்கிறது. எல்லாம் அநித்தியம் என்ற உபதேசம் மிகவும் உயர்ந்தது. ஆனால் உயர்ந்த உபதேசங்களே தவறான வாயில் விழும்போது பெரும் தீங்கு செய்கின்றன. எதுவும் நிலையாது, ஆகவே இதுவும் போனால் என்ன என்று கணக்கர் சொன்னால், அது தத்துவமாகாது. தத்துவத்தின் உடையைப் போர்த்துக்கொண்ட அலட்சியமே ஆகும். மூப்பினால் சாய்கிற மரத்துக்கும் வெட்டிச் சாய்க்கப்படும் மரத்துக்கும் முடிவு ஒன்றே என்பதால், கோடரியை எடுத்தவனுக்குப் பொறுப்பில்லை என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. அநித்தியத்தை உபதேசித்த புத்தரே ஜீவகாருண்யத்தையும் சேர்த்து உபதேசித்தார். இரண்டும் அவருக்கு ஒரே உண்மையின் இரு முகங்கள். நிலையாத ஒன்றை நம்மிடம் ஒப்படைத்திருக்கும்போது, அது நிலையாதது என்பதாலேயே அதைக் காப்பதில் நமக்குக் கடமை அதிகமாகிறது. கண்ணாடிப் பாத்திரத்தைப் பித்தளைப் பாத்திரத்தைவிட மெதுவாகத்தானே கையாளுகிறோம்? கடன்பட்ட கம்பெனியின் நெருக்கடி உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நகரத்தின் ஜனங்கள் ஆண்டுக்கணக்காகத் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை வைத்து வளர்த்த ஒன்றை, அவர்களை ஒரு வார்த்தை கேளாமல் கரைத்துவிடலாம் என்ற எண்ணம், நிலையாமையின் தவறன்று, மனிதரின் தவறு. இதை மறந்துவிட்டு அந்தக் கடைசி வெற்றியை மட்டும் புகழ்ந்தால், பலியிட்டவனை விட்டுவிட்டுப் பலியின் அழகைப் பாடியதாக ஆகும்.

அந்த ஜனங்கள் அநித்தியத்தைப் புரிந்துகொள்ளாமல் பிடிவாதம் பிடித்தவர்கள் என்று சொல்வாரும் இருக்கலாம். அவர்கள் செய்ததை நோக்கினால் அப்படித் தோன்றவில்லை. பழைய அணி போய்விட்டது என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதனால்தான் புதிய ஒன்றைத் தொடங்கினார்கள். பியேர் லிட்பார்ஸ்கி என்ற ஜெர்மானியப் பயிற்சியாளரின் கீழ்க் கீழ்ப்படி லீக்கில் ஆடத் தொடங்கிய யோகோஹாமா எஃப்.சி., 2001-ல் இரண்டாம் பிரிவுக்கு வந்து, 2006-ல் அதை வென்று, 2007-ல் முதல் பிரிவுக்கு ஏறிற்று. அந்த ஆண்டு மார்ச் மாதம், ஃப்ளூகல்ஸ் தன் முதல் லீக் ஆட்டத்தை ஆடிய அதே மித்ஸுசாவா மைதானத்தில், ‘எஃப்’ என்ற எழுத்தைச் சுமக்கும் மரினோஸை அது 1-0 என்று வென்றது. ஃப்ளூகல்ஸின் கடைசித் தலைவரான யமகுச்சி அப்போது அந்த அணியில் இருந்தார். அந்தப் பருவத்தின் முடிவிலேயே யோகோஹாமா எஃப்.சி. கடைசி இடம் பெற்று மறுபடி கீழே இறங்கிற்று. பிறகும் ஏறுவதும் இறங்குவதுமாக அதன் வாழ்வு நடக்கிறது. வள்ளுவர் அதே அதிகாரத்தில், செல்வம் வருவதற்கும் போவதற்கும் கூத்துப் பார்க்கக் கூடிக் கலையும் கூட்டத்தை உவமை காட்டியிருக்கிறார். கூட்டம் கலைவது மெய். கலைந்தவர்கள் வீட்டுக்குப் போய் மறுவாரம் திரும்பவும் கூடுவதும் மெய்யல்லவா?

கழகம் மறைந்த பிறகும் அதன் ஆட்டக்காரர்கள் பல ஊர்களில் பரவி வாழ்ந்தார்கள். கடைசி கோலைப் போட்ட யோஷிதா, பின்னாளில் விஸ்ஸல் கோபே அணியின் பயிற்சியாளராகி, 2023-லும் 2024-லும் லீக் பட்டத்தை வென்று கொடுத்தார். நராசாகி நகோயா நகரத்தின் அணிக்குச் சென்று வெகுகாலம் வலை காத்தார். 1998-ல் பள்ளிப் படிப்பு முடித்த கையோடு ஃப்ளூகல்ஸில் சேர்ந்து, ஒரே ஒரு பருவம் அங்கே ஆடிய எண்டோ யசுஹிதோ, பிற்காலத்தில் ஜப்பானுக்காக 152 ஆட்டங்கள் ஆடி, அந்த தேசத்தில் வேறெவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டினார். அந்தச் சட்டையை ஒருகாலத்தில் அணிந்தவர்களில் கடைசிவரை களத்தில் நின்றவர் அவரே. 2024 ஜனவரியில் அவரும் ஓய்வு பெற்றார்.

இந்த வரிசையை எழுதிக்கொண்டு வரும்போது, அந்த அணி வீண்போகவில்லை, இதோ இத்தனை பேர் அதன் பெயரைக் காத்தார்கள் என்று முடித்துவிட என் கை நீளுகிறது. ஆனால் அப்படி முடிப்பது உண்மைக்குத் துரோகம். எண்டோவின் ஓய்வோடு அந்த வம்சம் களத்திலிருந்து மறைந்தது; யோகோஹாமா எஃப்.சி.யும் ஒருநாள் மறையும். மரினோஸின் பெயரிலிருந்து அந்த எழுத்தும் ஒருநாள் உதிரக்கூடும். பதாகை பிடித்த கைகளும் மூப்படைந்து ஓயும். நினைவில் நிற்பதுதான் செயலின் மதிப்பு என்று வைத்துக்கொண்டால், எல்லா நினைவும் அழிகிற இந்த உலகத்தில் எல்லாச் செயலும் முடிவில் மதிப்பற்றதாகிவிடும். பலனைக் கைவிட்டவன், நினைக்கப்படுவேன் என்ற பலனையும் சேர்த்தே கைவிடவேண்டும்.

ஆகவே நான் தேடிய விடை, அந்தப் பிற்பகலுக்குப் பின்னால் வந்தவற்றில் இல்லை. அந்தப் பிற்பகலுக்குள்ளேயே இருக்கிறது. எழுபத்துமூன்றாவது நிமிஷத்தில் பந்து வலையைத் தொட்டபோது, அந்தச் செயலுக்குக் குறையென்று ஒன்றும் இருக்கவில்லை. மறுநாள் ஒன்று இருந்திருந்தால் அது இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. மறுநாள் இல்லாமையால் அது கெட்டுவிட்டது என்று சொல்வதற்குமில்லை. ரசிகர்கள் புதிய கழகத்தைத் தொடங்கியதும், பழையதற்கு மதிப்புத் தேடிக் கொடுப்பதற்காக அல்ல; அதற்கு மதிப்பு இருந்தது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள் என்பதால். நமக்குக் கிடைத்திருக்கும் உடம்பும், குடும்பமும், தொழிலும், ஊரும் தேதி குறிக்கப்படாத ஃப்ளூகல்ஸ்கள்தாம். அவர்களுக்கு ஓர் அக்டோபர் மாதத்தில் தேதி தெரிந்தது. தெரிந்த பிறகு அவர்கள் நன்றாக ஆடினார்கள். தேதி தெரியாத நாம், அது தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.